மறு: மையமற்ற சமூகத் தளங்களுக்கு மாற முடியாமல் தங்கிவிடும் நிலைக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன். மாஸ்டடான், ப்ளூஸ்கை மாதிரியான மையமற்ற தளங்கள், அதாவது ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கக் கூடாது என்று அமைத்த சமூகத் தளங்கள், இருப்பது தெரியும். பழைய தளத்தின் மேல் கோபமும் இருக்கிறது. இருந்தும் பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். இந்த நிலைக்குத் தமிழில் என்ன பெயர் என்பது கேள்வி. "மாற்ற எதிர்ப்பு", "நிலைமம்", "மாறுகைச் செலவு", "பிணைய விளைவு" என்று நான்கு பரிந்துரைகள் வந்துவிட்டன. எனக்கு ஐந்தாவதாக ஒன்று தோன்றுகிறது. அதற்கு முன் முதல் பரிந்துரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். அது கட்டுரைகளில் புகுந்துவிட்டால் பிறகு எடுப்பது கடினம்.

> "மாற்ற எதிர்ப்பு" என்றே வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். இந்தச் சொல்லைப் படிப்பவர் குறை மக்களிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். புதியதைக் கண்டால் முகம் சுளிப்பவர்கள், சோம்பல் பிடித்தவர்கள், தங்கள் தரவு எங்கே போகிறது என்று கவலைப்படாதவர்கள் என்றெல்லாம் அது சொல்லாமல் சொல்கிறது.

நடந்தது வேறு. 2022 அக்டோபர் இறுதியில் ட்விட்டர் கைமாறியது. மாஸ்டடானில் மாதந்தோறும் புழங்குவோர் எண்ணிக்கை சுமார் 3 லட்சத்திலிருந்து நவம்பருக்குள் 25 லட்சமாக ஏறியதாக அதை உருவாக்கிய ஓய்கன் ரோச்கோ எழுதினார். புத்தாண்டின் முதல் வாரத்திலேயே அது 20 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அப்படித் திரும்பியவர்கள் எதையும் எதிர்க்கவில்லையே. மூட்டை கட்டிக்கொண்டு போய், கதவைத் தட்டி, உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

2023 ஜூலையில் இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் த்ரெட்ஸ் தளம் வந்தது. ஐந்தே நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்தார்கள். இன்ஸ்டாகிராம் கணக்கை வைத்தே உள்ளே போகலாம், அங்கே பின்தொடர்ந்தவர்களை இங்கேயும் அப்படியே பின்தொடரலாம். அவர்களில் பலர் பிறகு தொடர்ந்து வராமல் போனது தனிக்கதை. ஆனால் புதியதை எதிர்ப்பதுதான் மக்கள் குணம் என்றால் அந்த ஐந்து நாள் எப்படி நடந்தது? தெரிந்த முகங்கள் கூடவே வந்தபோது ஒருவரும் தயங்கவில்லை.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பார்வையற்ற வாசகர்களுக்காக நூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்யும் சிறு குழு ஒன்றில் இருக்கிறேன். எந்த நூல் வேண்டும், யார் வாசிக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு பெரிய தளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நிலைமை மோசமானதும் மையமற்ற தளம் ஒன்றுக்குப் போவோம் என்று நான்தான் கிளப்பினேன். எங்கள் வாசகர்களில் ஒரு அக்கா திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் வைத்துப் புழங்குபவர். பழைய தளத்தின் ஒவ்வொரு பொத்தானையும் காதாலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அவருக்குத்தான் கஷ்டமாக இருக்கும் என்று பயந்தேன். அவர் ஒரே வாரத்தில் புதிய இடத்தைப் பழகிவிட்டார். படங்களுக்கு விளக்கம் எழுதும் வழக்கம் அங்கே அதிகம் என்று சந்தோஷப்பட்டார். ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் போய்விட்டார். ஏன் என்று கேட்டேன். "வாசிக்கிறவங்க எல்லாம் அங்கதானே இருக்காங்க" என்றார். வாசிப்பவர்களைக் கேட்டேன். "கேட்கிறவர்கள் வந்தால் நாங்களும் வருகிறோம்" என்றார்கள். இரண்டு பக்கமும் வரத் தயார். இரண்டு பக்கமும் மற்றவருக்காகக் காத்திருந்தது. நாம் பெயர் வைக்க வேண்டியது இந்தக் காத்திருப்புக்குத்தான் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன்.

> இயற்பியலில் இருக்கும் "நிலைமம்" போதாதா?

நல்ல சொல், பாடநூலில் வேரூன்றிய சொல். ஆனால் நிலைமம் (இனர்ஷியா) என்பது இருக்கும் நிலையிலேயே தொடரும் ஒரு பொருளின் தனிப் பண்பு. அண்டவெளியில் ஒற்றைக் கல்லாக மிதந்தாலும் அதற்கு நிலைமம் உண்டு. அந்த அக்கா தனியாக இருந்திருந்தால் மாறியிருப்பார், மாறவும் செய்தார். அவரைப் பிடித்து நிறுத்தியது அவருக்குள் இல்லை.

> "மாறுகைச் செலவு" என்று பொருளியலில் சொல்கிறோம்.

இதை நான் தள்ளவில்லை. ஸ்விட்சிங் காஸ்ட் என்பதற்கு இது சரியான சொல், ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாற ஆகும் சிரமத்தைச் சொல்கிறது, அதற்கே இருக்கட்டும். மாஸ்டடான் பல தனித்தனி வழங்கிகளில் (சர்வர்) ஓடுகிறது. முன்பெல்லாம் கணக்குத் தொடங்கப் போனால் வாசலிலேயே எந்த வழங்கி வேண்டும் என்று கேட்டார்கள். வழங்கி என்றால் என்னவென்றே தெரியாதவர் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவார். அது மாறுகைச் செலவு. 2023 மே மாதம் ஒரு வழங்கியைத் தளமே முன்வைக்கும்படி மாற்றினார்கள், செலவு குறைந்தது. வடிவமைப்பாளர் ஒருவர் உட்கார்ந்து குறைக்கக்கூடிய செலவு அது. நம் காத்திருப்பை அப்படிக் குறைக்க முடியாது.

நான்காவது பரிந்துரையான "பிணைய விளைவு" (நெட்வொர்க் எஃபெக்ட்) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆள் சேரச் சேரப் பயன் கூடுவதை அது சொல்கிறது. பயன் போன பிறகும் விடாத பிடியை அது சொல்லவில்லை.

இப்போது என் பரிந்துரை: சுற்றத்தளை.

தளை என்றால் விலங்கு என்பது எல்லாருக்கும் தெரியும். நான் அந்தச் சொல்லை எடுத்தது அதற்காக மட்டும் இல்லை, யாப்பில், அதாவது செய்யுள் இலக்கணத்தில், அதற்கு இருக்கும் பொருளுக்காகவும். செய்யுளின் அடி சீர்களால் ஆனது, சீர் அசைகளால் ஆனது. நின்ற சீரின் கடைசி அசையும் வரும் சீரின் முதல் அசையும் கூடுவது தளை. அது முதல் சீரிலும் இல்லை, இரண்டாவது சீரிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் பிறக்கிறது. வெண்பா எழுதிப் பழகியவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். நடுவில் ஒரு சீரை மட்டும் எடுத்துவிட்டு இன்னும் நல்ல சொல் ஒன்றை வைக்கிறோம். சொல்லில் பிழை இல்லை, ஆனால் தளை தட்டுகிறது, அதாவது பக்கத்துச் சீரோடு அது பொருந்தவில்லை. அதைச் சரிசெய்ய அடுத்த சீரை மாற்ற வேண்டும், பிறகு அதற்கடுத்ததை. கடைசியில் அடியையே புதிதாக எழுதிவிட்டு எழுந்திருப்போம்.

தனியாக ஒருவர் மையமற்ற தளத்துக்குப் போனால் நடப்பதும் இதுதான். அவரிடமும் குறை இல்லை, அந்தத் தளத்திலும் குறை இல்லை. இருபக்கமும் தளை தட்டுகிறது.

முன்னொட்டாக "உறவு" வைத்துப் பார்த்தேன். குடும்பச் சிக்கல் மாதிரி ஒலித்தது. "தொடர்புத்தளை" துல்லியம்தான், ஆனால் தொலைபேசிக் கம்பி நினைவுக்கு வருகிறது. சுற்றம் என்றால் சொந்தபந்தம் மட்டும்தானே என்று கேட்பீர்கள். அது சுற்று என்ற வேரில் வந்த சொல். வாசகர், வாடிக்கையாளர், முகம் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் பேசும் நண்பர் என்று ஒருவரைச் சூழ்ந்திருக்கும் எல்லாரையும் அதில் அடக்கலாம். பழைய தளத்தில் ஒருவரைப் பிடித்து வைப்பது அந்தச் சூழல்தான்.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க வாக்கியத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பார்கள். "மாறுகைச் செலவு குறைந்தும் சுற்றத்தளை விடவில்லை." "சுற்றத்தளை உள்ள சந்தையில் நல்ல பொருள் மட்டும் போதாது." எனக்குத் தடங்கல் இல்லாமல் வருகிறது. தளம், தளை இரண்டும் காதில் நெருக்கமாக விழும் என்பது உண்மையான குறை. முன்னொட்டோடு வரும்போது குழப்பம் வராது என்று நினைக்கிறேன். பேசிப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. நம் பழைய பாடல்களில் மொட்டு விரிவதைத் தளையவிழ்தல் என்பார்கள். சுற்றத்தளையைத் தளர்த்தும் வசதிகளுக்குப் பொதுப்பெயராகத் "தளையவிழ்ப்பு" கையிலேயே இருக்கிறது. ப்ளூஸ்கை 2024 ஜூனில் கொண்டுவந்த தொடக்கத் தொகுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துறையைச் சேர்ந்த பலரை ஒருவர் பட்டியலாக்கி வைக்கிறார், புதிதாக வருபவர் ஒரே சொடுக்கில் அத்தனை பேரையும் பின்தொடர்கிறார். ஒரு சீரை மட்டும் மாற்றாமல் அடியையே மாற்றும் வேலை அது. அந்த ஆண்டு நவம்பரில் ப்ளூஸ்கை கணக்குகள் 2 கோடியைத் தாண்டியதற்கு அரசியல் காரணங்கள் நிறைய இருந்தாலும், வந்தவர்கள் வெற்று அறையில் நிற்காமல் இருந்ததற்கு இந்தத் தொகுப்புகளும் காரணம்.

மாஸ்டடானில் ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்குக் கணக்கை மாற்றும்போது பின்தொடர்பவர்கள் கூடவே வந்துவிடுவார்கள், பழைய பதிவுகள் வரமாட்டா. சுற்றம் வருகிறது, நினைவு தங்கிவிடுகிறது. அதைத் தளையவிழ்ப்பில் பாதி என்று சொல்லலாமா, அல்லது "குடிபெயர்ப்பு" என்று தனியாக வைப்பதா? நான் இரண்டாவதின் பக்கம் சாய்கிறேன். மாஸ்டடானின் ஒவ்வொரு வழங்கியையும் ஆங்கிலத்தில் இன்ஸ்டன்ஸ் என்பார்கள். அதை "நிகழ்வு" என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துவோம். திருவிழா அறிவிப்பு போல் இருக்கிறது. வழங்கி போதும்.

விக்சனரி என்ற இணைய அகராதியில் ஏற்றுவதற்கு முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். யாப்பு படிக்காத இளைஞர்கள் யாராவது இந்த மடலைப் படித்தால், விளக்கத்தைத் தவிர்த்துவிட்டு அந்த இரண்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் பார்த்து என்ன புரிகிறது என்று எழுதுங்கள். அப்புறம், இலக்கணம் தெரிந்த பெரியவர்கள் "சுற்றத்தளை", "சுற்றத் தளை" இரண்டில் எதைத் தலைச்சொல்லாக வைப்பது என்று சொல்லுங்கள். சேர்த்து எழுதினால் தேடலில் ஒரே சொல்லாகக் கிடைக்கும் என்பதால் நான் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

அன்புடன்.