பாம்புன்னு வெட்டினது பாம்பே இல்ல. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

கூடலூரான்
போன வருஷம் ஆனி மாசம், வாழைக்குக் குழி எடுத்துக்கிட்டிருந்தோம். ஓடையை ஒட்டின நிலம். அப்பா மண்வெட்டியைப் போட்டதும் கத்தரிப்பூ கறுப்புல ஒண்ணு புரண்டுச்சு. ஒரு முழம் இருக்காது. ரெண்டு பக்கமும் நீளத்துக்கு மஞ்சள் கோடு. "பாம்புடா, தள்ளிப் போ"ன்னு ரெண்டாவது வெட்டும் போட்டுட்டார்.

குச்சியால ஒதுக்கப் போனப்பதான் பார்த்தேன். அது சுருண்டிருந்த நடுவுல வேகவச்ச ஜவ்வரிசி மாதிரி முட்டைங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. வெட்டுப்பட்ட பிறகும் உடம்பு அதைச் சுத்தினபடியே கிடந்துச்சு.

சிசிலியன், தவளையோட சொந்தம்னு பிறகுதான் தெரிஞ்சுது. அப்பாகிட்ட சொன்னா "கால் இல்ல, தாவாது, கத்தாது, இது தவளையா?"ன்னு சிரிக்கிறார். எனக்கு அந்த ஜவ்வரிசி இன்னும் கண்ணுலயே நிக்குது.

மலைத்தேன்
முட்டையைச் சுத்திக் கிடந்ததால பாம்பு இல்லன்னு முடிவு பண்ணாதீங்க. மலைப்பாம்பும் சுத்திக் கிடக்கும். ராஜநாகம் சருகைக் குவிச்சுக் கூடே கட்டும். நீங்க சொன்ன ஜவ்வரிசிதான் சாட்சி. பாம்பு முட்டைக்குத் தோல் மாதிரி ஓடு உண்டு, குட்டிக்கு வேணுங்கற தண்ணி உள்ளேயே இருக்கும். தவளை, சிசிலியன் முட்டைக்கு அந்த ஓடு கிடையாது, வழவழப்பு மட்டும்தான். காத்துல காஞ்சா போச்சு. அதனாலதான் ஈர மண்ணு, ஓடைக்கரை. உங்க ஊர்ல மஞ்சள் கோடு போட்டது பொரிஞ்சதும் குட்டி தண்ணிக்குப் போயிடும். கொஞ்ச நாள் ஓடையில வளர்ந்துட்டு அப்புறம்தான் மண்ணுக்குள்ள வரும்.

எனக்கு அனுபவம்னு பெருசா இல்ல. ஒரு தடவை மண்புழுன்னு நினைச்சுத் தூண்டில்ல கோக்கப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மாடிவீட்டு மல்லிகா
எங்க வீட்ல நேர்மாறு. பாத்ரூம் ஜாலி வழியா ஒரு சாண் கூட இல்லாத கறுப்புப் புழு வந்துச்சு. மாமியார் பினாயில் பாட்டிலோட வந்துட்டாங்க. நான் குனிஞ்சு பார்க்கிறேன், அந்தப் புழு நாக்கை நீட்டுது! நூல் மாதிரி நாக்கு, ஒரு நொடிதான். "அத்தை, ஊத்தாதீங்க"ன்னு நான் கத்தறதுக்குள்ள ஊத்தியாச்சு.

அது புழுப்பாம்பு. நிஜப் பாம்பு, விஷம் கிடையாது, எறும்பு முட்டையும் கரையானும் தின்னும். அதுல ஆணே கிடையாதாம், பொம்பளைங்க மட்டும் தனியா முட்டை போட்டு உலகம் பூரா பூந்தொட்டி மண்ணுல ஏறிப் பரவிடுச்சாம். மாமியார்கிட்ட இதைச் சொன்னப்ப ஒரு மாதிரி பார்த்தாங்க.

ஓய்வு ஆசிரியர்
நண்பர்களே, தவளை, தேரை, சிசிலியன் போன்ற இருவாழ்விகளுக்கு இதயத்தில் மூன்று அறைகள். ஊர்வனவற்றிலும் பெரும்பாலும் மூன்றுதான், ஆனால் கீழறையில் பாதித் தடுப்பு உண்டு. முதலைக்கு மட்டும் முழுதாக நான்கு. இதுவே அடிப்படை. என் அனுபவம்: எங்கள் நாய் தேரையைக் கவ்விவிட்டு வாயில் நுரை தள்ளியது.

நாய் வளர்ப்போர் கவனத்துக்குச் சில வார்த்தைகள். தேரையின் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் பால் போன்ற நஞ்சு வரும். நாயின் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பக்கவாட்டில் தண்ணீர் விட்டு வாயைக் கழுவுங்கள். ஈறுகளை ஈரத்துணியால் துடையுங்கள். தொண்டைக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மோரும் வேண்டாம், உப்பும் வேண்டாம். நடுக்கமோ தள்ளாட்டமோ தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவர். தேரை மூத்திரம் பட்டால் மரு வரும் என்பது பொய். தேங்காயில் தேரை விழுவதற்கும் தேரைக்கும் தொடர்பே இல்லை. மழைக்கால இரவில் நாயைத் தனியே வெளியில் விடாதீர்கள்.

மலைத்தேன்
சார், வாழைக்குழியில நின்னுக்கிட்டு இதயத்துல எத்தனை அறைன்னு எப்படிப் பார்க்கிறது? தோலைப் பாருங்க. செதில் இருந்து காய்ஞ்சிருந்தா ஊர்வன. செதில் தெரியாம, ஈரமா, உடம்பு முழுக்க வளையம் வளையமா இருந்தா சிசிலியன். அந்தத் தோல் வழியாவும் மூச்சு விடும், அதனால பினாயில், பூச்சி மருந்து எது பட்டாலும் நேரா உள்ளே போகும்.

செங்கோட்டை சிவா
ஈரமா இருந்தா இருவாழ்வின்னா எங்க வீட்டு அரணை என்ன? எண்ணெய் தேய்ச்ச மாதிரி மினுங்குதே. தொட்டில் துணியில ஏறினதுக்கு ஆத்தா ஊரையே கூட்டிடுச்சு.

ரயில்வே கார்த்தி
சிவா, அரணை மினுங்கும், தொட்டா காய்ஞ்சுதான் இருக்கும். விஷமும் கிடையாது, ஆத்தாகிட்ட சொல்லுங்க. தமிழ்நாட்டுல நாலு காலும் வாலுமா பல்லி கணக்கா எதைப் பார்த்தாலும் கண்ணை மூடிக்கிட்டு ஊர்வனன்னு சொல்லலாம். அந்த உருவத்துல இருக்கிற இருவாழ்வி, சாலமாண்டர், நம்ம பக்கம் இல்லவே இல்ல. டார்ஜிலிங், சிக்கிம்னு அந்தப் பக்கம் போகணும்.

டார்ஜிலிங் பக்கம் வேலையா இருந்தப்ப ஒரு குட்டையில பார்த்தேன். முதுகுல ரெண்டு வரிசையா மரு மாதிரி புடைப்பு, அசையாம மிதந்துச்சு. உடும்புக் குட்டின்னு நினைச்சு பயந்தே கிட்டப் போனேன். கரையில கால் வச்சப்ப விரல்ல நகமே இல்ல. குழந்தை விரல் மாதிரி மொழுமொழுன்னு இருந்துச்சு. படம் எடுக்கணும்னு தோணவே இல்ல, இப்ப யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.

மாடிவீட்டு மல்லிகா
கூடலூரான், அப்பாகிட்ட இந்தத் திரியைக் காட்டினீங்களா?

கூடலூரான்
படிச்சுக் காட்டினேன். நாய்க்கு வாய் கழுவறதை மட்டும் ரெண்டு தடவை கேட்டுக்கிட்டார், எங்ககிட்ட நாயே இல்ல. சிசிலியன் பத்தி ஒண்ணும் சொல்லல.

இந்த வருஷம் அந்த ஓடைக்கரை ஓரம் குழி எடுக்கலை. ஏன்ப்பான்னு கேட்டேன். "அங்க ஈரம் ஜாஸ்தி, கிழங்கு அழுகிடும்"கறார். பத்து வருஷமா அங்கதான் வாழை வச்சுக்கிட்டிருக்கோம்.