குறைந்த செலவில் 1960, 70களின் ராக் கிட்டார் டோன்: எந்த ஆம்ப் வாங்கலாம்?

உறையூர் கிட்டார்:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில் வசிக்கிறேன். நான்கு ஆண்டுகளாக எலெக்ட்ரிக் கிட்டார் பயின்று வருகிறேன். என்னிடம் இருப்பது மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் ஒற்றைச் சுருள்கள்) கொண்ட, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவிலான ஒரு விலை குறைந்த கிட்டார். அதனுடன் அதே கடையில் வாங்கிய 15 வாட் ஆம்ப் (ஒலிப்பெருக்கி) ஒன்றும் இருக்கிறது. அதன் ஸ்பீக்கர் ஆறரை அங்குலம்.

கரகரப்பில்லாத கிளீன் சேனலில் ஒலி குறை சொல்லும்படி இல்லை. ஆனால் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பொத்தானை அழுத்திய உடனே தேனீக் கூட்டம் ஒன்றைத் தகர டப்பாவுக்குள் அடைத்தது போன்ற இரைச்சல்தான் வருகிறது. ஒரு கார்டு வாசித்தால் எந்தத் தந்தி எந்தச் சுரத்தை ஒலிக்கிறது என்று பிரித்தறிய முடியவில்லை. நான் விரும்புவது 1966 முதல் 1975 வரையிலான பிரிட்டிஷ் ராக் ஒலிப்பதிவுகளில் கேட்கும் கிட்டார். ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் எரிக் கிளாப்டன் வாசித்தது, ஜிம்மி ஹெண்ட்ரிக்ஸ் லண்டனுக்கு வந்தபின் பதிவு செய்தவை, லெட் செப்பலினின் தொடக்கக் காலம் ஆகியவை என் மனத்தில் இருக்கின்றன. கரகரப்பின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகை முழுவதும் கூட்டிப் பார்த்தேன். டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றை இரவல் வாங்கி இடையில் இணைத்தும் பார்த்தேன். ஒலி முன்னைவிட மோசமானது.

பல மாதங்களாகச் சேர்த்த தொகை 25,000 ரூபாய் இருக்கிறது. அதற்கு மேல் என்னால் இயலாது. கடையில் விசாரித்தபோது, இந்த ஒலி வேண்டுமென்றால் 100 வாட் ஆம்ப் வாங்க வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அவ்வளவு சத்தத்தை நான் எப்போதும் பயன்படுத்தப் போவதில்லை. வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப் இல்லாமல் இந்த டோன் கிடைக்காதா? பழைய ஆம்ப் வாங்குவது பாதுகாப்பானதா? தவறான பொருளை வாங்கி இந்தத் தொகையை இழந்துவிடக் கூடாது என்பதால் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன்.

மார்கழி மிடில்:

வணக்கம் தம்பி. பணத்தை எடுப்பதற்கு முன்பு இன்று மாலை ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் காதில் குறை இல்லை. நீங்கள் திருகும் திசைதான் எதிர்த்திசையாக இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட ஒலிப்பதிவுகளை ஹெட்ஃபோனில் மறுபடியும் கவனித்துக் கேட்டால், அந்தக் கிட்டார்கள் நம் நினைவில் இருக்கும் அளவுக்குக் கரகரப்பாக இல்லை என்பது தெரியும். தந்தியை மெல்லத் தொட்டால் ஏறக்குறைய கிளீனாகவும், ஓங்கி மீட்டினால் மட்டும் உடைந்தும் ஒலிக்கும்.

இதற்குக் காரணம் அந்த ஆம்ப்களின் அமைப்பிலேயே இருக்கிறது. டிரம்ஸ் வாசிப்பவராக இருந்து லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரின் துணையுடன் 1962இல் தம் முதல் ஆம்ப்பை உருவாக்கினார். அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பின் சுற்றைப் பின்பற்றிச் செய்யப்பட்ட அதுதான் ஜேடிஎம் 45. அதிலும் அதன் பின் வந்த 100 வாட் ஆம்ப்களிலும் கெயின் என்று தனியாக ஒரு திருகு கிடையாது. மொத்த உரப்பைத் தனியாகக் குறைக்கும் மாஸ்டர் வால்யூம் கொண்ட மார்ஷல் ஆம்ப்கள் 1975இல்தான் வந்தன. ஆகவே ஒலி உடைய வேண்டுமென்றால் ஆம்ப் முழுவதையும் உரக்க ஓட்டியாக வேண்டும். அப்போது முன்னிலை வால்வுகள், பவர் வால்வுகள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், 12 அங்குல ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்பு என ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக அலையின் உச்சியை மழுக்கும். பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்த இந்த மழுங்கல்தான் நாம் இன்று பழைய டோன் என்று போற்றுவது. உங்கள் சிறிய ஆம்ப்பிலோ, முன்னிலைச் சுற்றில் உள்ள சில டயோடுகள் அலையின் உச்சியை ஒரே இடத்தில் கத்தியால் நறுக்கியது போல வெட்டுகின்றன. அந்த வெட்டு விளிம்பில் பிறக்கும் கூர்மையான ஒலிகளே உங்கள் தேனீக்கள்.

ஸ்பீக்கரின் பங்கையும் சொல்லியாக வேண்டும்; பலர் இதை நினைப்பதே இல்லை. 12 அங்குலக் கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக ஒலியை இழந்துவிடும். குறைபாடு போலத் தோன்றினாலும் டிஸ்டார்ஷனின் கூர்மையை வடிகட்டுவது அதுதான். கீழ் ஒலிகளுக்கு வேண்டிய காற்றைத் தள்ளும் பரப்பும் அதற்கு உண்டு. ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கும் சிறு பெட்டிக்கும் அந்த உடல் வராது. எனவே உங்கள் 25,000 ரூபாயை வாட்டுக்குக் கொடுக்காமல் ஸ்பீக்கருக்குக் கொடுங்கள்.

100 வாட் என்ற ஆலோசனையை மறந்துவிடலாம். வாட் இருமடங்கானால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு இருமடங்கு உரப்பாகக் கேட்க வாட் ஏறத்தாழ பத்து மடங்காக வேண்டும். அதாவது 10 வாட் ஆம்ப்பைவிட 100 வாட் ஆம்ப் இரண்டு மடங்கு உரப்புதான். லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தில் ஜிம்மி பேஜ் பயன்படுத்தியது டெலிகாஸ்டர் கிட்டாரும் சூப்ரோ நிறுவனத்தின் சிறிய ஆம்ப் ஒன்றும்தான். அந்த ஒலிப்பதிவில் கேட்கும் பிரம்மாண்டம் சிறிய பெட்டியிலிருந்து வந்தது என்பதை அறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

சோதனை இதுதான். ஆம்ப்பைத் தரையிலிருந்து எடுத்து நாற்காலியின் மேல், உங்கள் காதைப் பார்க்கும்படி வையுங்கள். தரையில் இருந்தால் அது உங்கள் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறது. கெயினைக் கடிகாரத்தின் ஒன்பது மணி நிலைக்குக் குறையுங்கள். மிடிலை மூன்று மணிக்கு உயர்த்தி, பேஸைப் பத்து மணிக்கும் ட்ரெபிளைப் பதினொரு மணிக்கும் வையுங்கள். வீட்டில் எவ்வளவு அனுமதி உண்டோ அவ்வளவு வால்யூம் கொடுங்கள். கிட்டாரின் வால்யூம் ஏழில் இருக்கட்டும். தனி வாசிப்பு வரும்போது பத்துக்குக் கொண்டு போங்கள். ஸ்ட்ராட் வகைக் கிட்டார்களில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு (தந்திகளின் கீழ் முனைக்கு அருகில் உள்ளது) டோன் திருகு வழக்கமாக இணைக்கப்பட்டிருக்காது. அதனால் அந்தப் பிக்கப்பில் ஒலி குத்தினால் ஆம்ப்பின் ட்ரெபிளைத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கிளாப்டன் அந்த 1966 பதிவில் வாசித்தது ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்புகள் கொண்ட கிப்சன் லெஸ் பால். அதன் தடிமனைச் சிங்கிள் காயிலில் எதிர்பார்த்தால் எந்த ஆம்ப்பும் உங்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கும். ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தது உங்கள் கிட்டாரின் மூத்த சகோதரனான ஸ்ட்ராட். அந்தப் பாதை உங்களுக்கு இயல்பாக அமையும். சோதித்துவிட்டு என்ன கேட்டது என்பதை எழுதுங்கள்.

வால்வு பழுதுபார்ப்பவர், மதுரை:

மேலே அண்ணன் எழுதியது முழுவதும் சரி. பழைய வால்வு ஆம்ப் குறித்து நீங்கள் கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். என் தொழில் வால்வு ரேடியோ பழுதுபார்ப்பதில் தொடங்கியது. சுவிட்சைப் போட்டு, வால்வு சூடாகும்வரை காத்திருந்து செய்தி கேட்ட அந்தப் பெட்டிகள் பலவற்றின் கடைசி நிலையில் இருந்த இஎல் 84 வால்வுதான் வாக்ஸ் ஏசி 30 என்ற பிரிட்டிஷ் ஆம்ப்பிலும் நான்காக நின்று ஒலிக்கிறது. ஆகையால் வால்வின் ஒலிமீது எனக்குள்ள பற்றில் ஐயம் வேண்டாம். இருந்தாலும் உங்கள் தொகையில், நேரில் பார்த்துச் சோதிக்க ஆள் இல்லாத நிலையில், பழைய வால்வு ஆம்ப் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விற்கும் ஆம்ப்களில் பல அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. அவற்றை நம் 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகினால் ஃபியூஸோடு சேதம் நின்றால் அது உங்கள் நல்ல நேரம். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். அதற்கும் செலவு உண்டு. ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியக்கூடும். அது எரிந்தால் பழுதுபார்க்கும் செலவு நீங்கள் வாங்கிய விலையை எட்டும். வால்வுகளும் காலப்போக்கில் தேயும் பொருள்கள். மாற்றும் செலவை இப்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வால்வு ஆம்ப்பின் மூடியைத் தயவுசெய்து நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். உயிருக்கு ஆபத்தான அளவு அது.

பொன்மலை:

செலவே இல்லாத வழி ஒன்றும் உண்டு. கணினியும் கிட்டாரை அதனுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளில் பழைய மார்ஷல், வாக்ஸ் ஆம்ப்களின் பதிவுகளை ஏற்றி ஹெட்ஃபோனில் வாசிக்கலாம். இரவு நேரப் பயிற்சிக்கு நான் இதையே பயன்படுத்துகிறேன். ஆனால் அறையில் காற்று அசைவதை உடலால் உணரும் அனுபவம் அதில் இல்லை. உங்கள் விருப்பம் அதுவானால் ஆம்ப்தான் வாங்க வேண்டும்.

உறையூர் கிட்டார்:

மார்கழி மிடில் அண்ணா சொன்னபடி நேற்று மாலை செய்து பார்த்தேன். கெயினைக் குறைத்து மிடிலைக் கூட்டிய உடனே கார்டில் உள்ள ஆறு தந்திகளும் தனித்தனியாகக் கேட்டன. நான்கு ஆண்டுகள் இந்த ஆம்ப்பை நான் தவறாகவே பயன்படுத்தியிருக்கிறேன் என்பது வருத்தமாக இருந்தது. கிட்டாரின் வால்யூமைப் பத்திலிருந்து ஆறுக்குக் குறைத்தபோது ஒலி தெளிந்ததைக் கேட்டு, இரவு உணவை மறந்து இரண்டு மணி நேரம் வாசித்தேன். இருப்பினும் கீழ்த் தந்திகளில் இன்னும் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போன்ற ஒலி இருக்கிறது. அது ஸ்பீக்கரின் எல்லை என்று புரிகிறது. பெரிய ஸ்பீக்கருக்குப் போவதானால் எதைப் பார்க்கலாம்?

மார்கழி மிடில்:

மகிழ்ச்சி தம்பி. வால்வு இல்லாத ஆம்ப்களில் இரண்டைக் கேட்டுப் பாருங்கள். முதலாவது ஆரஞ்ச் கிரஷ் 35ஆர்டி. 35 வாட், 10 அங்குல ஸ்பீக்கர். அதன் டிஸ்டார்ஷன் டிஜிட்டல் நகல் இல்லை. டிரான்ஸிஸ்டர் சுற்றாகவே பிரிட்டிஷ் தொனிக்கு இசைவாக அமைந்தது. இரண்டாவது பாஸ் கட்டானா 50. இதில் 12 அங்குல ஸ்பீக்கர் இருக்கிறது. உங்கள் குடியிருப்புக்கு முக்கியமானது, இதன் பவரை 50, 25, அரை வாட் என்று மாற்றும் வசதி. அரை வாட்டில் மாஸ்டர் திருகை நன்றாக உயர்த்தி, பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்யாமல் வாசிக்க முடியும். அதில் கிரன்ச் என்ற நிலையைத் தேர்ந்தெடுங்கள். பிரவுன் என்ற நிலை பிற்கால ஹெவி ஒலிக்கு உரியது, உங்களுக்கு வேண்டாம்.

இவை வால்வு இல்லாதவை என்பதால் ஒருமுறை பயன்படுத்தியதை வாங்குவதில் முன்பு சொல்லப்பட்ட ஆபத்துகள் குறைவு. வாங்கும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு திருகையும் மெதுவாகச் சுழற்றிக் கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். கீழ் இ தந்தியை ஓங்கி மீட்டி, கூம்பு கிழிந்த சத்தம் இருக்கிறதா என்று கவனியுங்கள். பின்புறம் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கட்டானா டிஜிட்டல் என்பதால் அதை இரண்டாம் தரமாக நினைக்க வேண்டாம். நான் சொந்தமாக வைத்திருக்கும் வால்வு ஆம்ப்பை வீட்டில் அது பாடும் உரப்புக்குக் கொண்டுபோக எனக்கு மாதத்தில் ஒரு நாள் வாய்த்தால் அதிகம். நீங்கள் தினமும் வாசிக்கப் போகிறீர்கள்.

உறையூர் கிட்டார்:

இரண்டு ஆம்ப்களையும் நேரில் கேட்டேன். 35ஆர்டியின் கரகரப்பு என் மனத்துக்கு நெருக்கமாக இருந்தது. ஆனாலும் வீட்டில் வாசிக்கும் உரப்பில் 12 அங்குல ஸ்பீக்கரின் நிறைவு என்னை இழுத்தது. ஒருவர் மூன்று ஆண்டுகள் பயன்படுத்திய கட்டானா 50ஐ 17,500 ரூபாய்க்கு வாங்கினேன். கிரன்ச் நிலை, கெயின் பத்து மணி, மிடில் இரண்டு மணி, ட்ரெபிள் பதினொரு மணி, அரை வாட். கழுத்துப் பக்கம் உள்ள நெக் பிக்கப்பில் முதல் கார்டை மீட்டியபோது, பல ஆண்டுகளாக ஹெட்ஃபோனில் மட்டும் கேட்ட ஒன்று என் அறைக்குள் வந்து நின்றது போல இருந்தது.

ஒரு சிக்கல் மட்டும் மீதம் இருக்கிறது. வாசிக்காமல் இருக்கும்போது தொடர்ச்சியான ரீங்காரம் ஒன்று கேட்கிறது. ஆம்ப்பில் குறை இருக்கிறதோ என்று அஞ்சுகிறேன்.

வால்வு பழுதுபார்ப்பவர், மதுரை:

அஞ்ச வேண்டாம். கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறையுங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால் ஆம்ப் நல்ல நிலையில் இருக்கிறது. பிக்கப்புதான் அறையில் உள்ள மின்காந்த இரைச்சலைப் பிடிக்கிறது. சிங்கிள் காயிலின் இயல்பு அது. நம் வீடுகளில் பெரும்பாலும் காரணமாக இருப்பவை மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரும் எல்இடி விளக்குகளும். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். தந்தியைத் தொட்டால் இரைச்சல் பெரிதும் குறைகிறது என்றால், அந்த அறையின் மூன்று முனைப் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இணைக்கப்பட்டிருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். இது ஒலிக்காக மட்டும் சொல்வதில்லை.

உறையூர் கிட்டார்:

வால்யூமைக் குறைத்ததும் ரீங்காரம் நின்றது ஐயா. மின்விசிறியை அணைத்ததும் முக்கால் பங்கு குறைந்தது. தந்தியைத் தொட்டபோதும் சற்று மாறியதால் எலெக்ட்ரீஷியனை அழைத்தேன். பிளக் பாயின்ட்டுக்குள் எர்த் கம்பி கழன்று கிடந்தது, சரிசெய்துவிட்டார். பிக்கப் சுவிட்சை, இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும் இரண்டாம், நான்காம் நிலைகளில் வைத்தால் மிச்சமிருந்த ரீங்காரமும் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. இப்போது மின்விசிறியைப் போட்டுக்கொண்டே அந்த நிலைகளில் வாசிக்கிறேன். மீதமுள்ள 7,500 ரூபாய் அப்படியே இருக்கிறது. ஒரு நல்ல கேபிளுக்கும் புதிய தந்திகளுக்கும் மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.