கண் மிதவைகளுக்கு விட்ரெக்டமி: 44 வயதில் செய்துகொள்ளலாமா?

கேள்வி: கொங்குவாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. கோவையில் பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பது என் தொழில். இரண்டு கண்களிலும் மைனஸ் ஆறுக்குச் சற்றுக் கூடுதலான கிட்டப்பார்வை உண்டு. இடது கண்ணில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக மிதவைகள், அதாவது பார்வையின் குறுக்கே மிதந்து நகரும் நிழல்கள், இருக்கின்றன. வானத்தைப் பார்க்கும்போது எல்லோருக்கும் எப்போதாவது தென்படும் நூலிழைகளைப் போன்றவை அல்ல இவை. வெள்ளைத் தாளையோ கணினித் திரையையோ பார்த்தால், மங்கலான வலை ஒன்று வரிகளின் குறுக்கே வந்து நிற்கிறது. கண்ணை அசைத்தால் விலகுகிறது. வாசிக்கத் தொடங்கியதும் மறுபடியும் நடுவில் வந்து அமர்ந்துவிடுகிறது. எழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று உறுதிசெய்யவே ஒரு சொல்லை இருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு விழித்திரை மருத்துவர்களிடம் காட்டினேன். பார்வை 6/6 இருக்கிறது, விழித்திரை நன்றாக இருக்கிறது, நாளடைவில் பழகிவிடும், இதற்குப் போய் கத்தி வைக்கத் தேவையில்லை என்றார் ஒருவர். தொழிலுக்கே இடையூறாக இருந்தால் விட்ரெக்டமி, அதாவது கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை அகற்றும் அறுவை, செய்யலாம், முடிவு உங்களுடையது என்றார் மற்றவர். எதை வைத்து முடிவெடுப்பது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. செய்துகொண்டவர்கள் எந்த அடிப்படையில் செய்துகொண்டீர்கள், தேறி வருவதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று, மீண்டும் எப்போது வாசிக்க முடிந்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும். சில மாதங்களில் சிங்கப்பூரில் தங்கை மகளின் திருமணம் இருப்பதால் விமானப் பயணம் பற்றியும் அறிய விரும்புகிறேன். லேசரால் கரைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார், அது உண்மைதானா?

பதில்: பொருநைக்கரை

நண்பருக்கு வணக்கம். ஓய்வுபெற்ற வங்கி ஊழியன் நான். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வலது கண்ணில் இந்த அறுவையைச் செய்துகொண்டு நன்றாக இருக்கிறேன். ஆனால் என் நிலைமையை உங்களுடையதோடு அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். எனக்கு அதற்கு முன்பே கண்புரை நீக்கிச் செயற்கை லென்ஸ் வைத்தாகிவிட்டது; கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லும் விழித்திரையிலிருந்து முழுமையாகப் பிரிந்து, மோதிரம் போன்ற ஒரு வளையம் பார்வையின் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. இவை இரண்டும் இருந்ததால்தான் என் மருத்துவர் தயக்கமின்றி ஒப்புக்கொண்டார்.

அறுவையின்போது கண்ணின் ஓரத்தில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். விழித்துக்கொண்டுதான் இருந்தேன். வலி இல்லை. வெளிச்சமும் கருவிகளின் நிழலும் தெரிந்தன. அதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன். அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை கட்டைப் பிரித்துக் கண்ணின் அழுத்தத்தைப் பார்த்தார்கள். கண் சிவந்திருந்தது, மணல் விழுந்தாற்போல் உறுத்தியது. பார்வையின் அடிப்பகுதியில் ஒரு கோடு தளும்பிக்கொண்டிருந்தது. அறுவையின் முடிவில் உள்ளே விட்ட காற்றுக் குமிழி அது. குமிழி உண்மையில் மேலே மிதந்தாலும், விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால் நமக்குக் கீழே இருப்பதுபோல் தெரியும் என்று விளக்கினார்கள். அது சுருங்கிச் சுருங்கி ஒரு வாரத்துக்குள் மறைந்துவிட்டது.

குமிழி உள்ளே இருக்கும்வரை விமானத்தில் ஏறவே கூடாது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து குமிழி விரிவடையும். கண்ணின் உள்ளழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்துவிடும். சாதாரணக் காற்று என்றால் சில நாட்களில் கரைந்துவிடும். விழித்திரையில் கிழிசல் ஏதேனும் கண்டு, காற்றைவிட மெதுவாகக் கரையும் எஸ்எஃப்6 வாயு வைத்தால் இரண்டு வாரம்வரை, சி3எஃப்8 வைத்தால் ஆறு முதல் எட்டு வாரம்வரைகூட ஆகலாம். திருமணத் தேதியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாசிப்பதால் கெடுதி எதுவும் இல்லை என்றார்கள். ஆனால் முதல் வாரம் மங்கலாகத்தான் இருந்தது; சில வாரங்களில்தான் தெளிவு நிலைபெற்றது. கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்பதற்காகக் கொஞ்ச காலம் தலைக்குக் குளிக்கவில்லை. இரவில் கண்ணுக்கு மேல் காப்பு மூடி அணிந்துதான் தூங்கினேன். ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் சிலருக்குக் கண் அழுத்தம் கூடும். எனக்கும் கூடியது, மருந்தை மாற்றியதும் இறங்கிவிட்டது. மறு பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். வளையம் போய்விட்டது. இப்போது இடது கண்ணில் இருக்கும் சின்னஞ்சிறு இழைகள் முன்பைவிட அதிகமாகக் கண்ணில் படுகின்றன என்பது வேறு கதை.

பதில்: ஒளிவிலகல்

நான் ஒரு விழித்திரைப் பிரிவில் பணியாற்றும் ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வைப் பரிசோதகர்); மருத்துவர் அல்லேன். கேட்டவர் இரண்டு மருத்துவர்களின் கருத்துகளை எதிரெதிரானவை என்று எடுத்துக்கொள்கிறார். என் பார்வையில் இருவரும் சொல்லாமல் விட்ட ஒரு கேள்விதான் முடிவைத் தீர்மானிக்கும்: உங்கள் இடது கண்ணில் விட்ரியஸ் ஜெல் விழித்திரையிலிருந்து பிரிந்துவிட்டதா, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

கண்ணுக்குள் ஏறக்குறைய 4 மில்லி அளவுக்கு இருக்கும் இந்த ஜெல்லில் 98 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். மீதியில் கொலாஜன் இழைகளும் ஹயலூரானிக் அமிலமும் அடங்கும். வயது ஏற ஏற ஜெல் நீர்த்துப்போகிறது, இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து திரள்கின்றன. அவற்றின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் மிதவை என்கிறோம். கிட்டப்பார்வை அதிகமுள்ள கண்களில் இது முன்கூட்டியே தொடங்கிவிடும். பிறகு ஒரு கட்டத்தில் ஜெல் சுருங்கி, பின்பக்க விழித்திரையை விட்டுத் தானாகவே பிரிந்துவிடும். பொருநைக்கரை ஐயா சொன்ன வளையம், ஜெல் பார்வை நரம்பின் முகப்பில் ஒட்டியிருந்த இடத்தின் தடம்.

பிரிந்துவிட்ட கண்ணில் அறுவை ஒப்பீட்டளவில் எளிது. பிரியாத கண்ணில் மருத்துவருக்கு இரண்டு வழிகள்தாம் உண்டு. ஒன்று, ஜெல்லை அவரே விழித்திரையிலிருந்து உரித்துப் பிரிக்க வேண்டும். அப்போது விழித்திரை கிழியக்கூடும். 2011இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், மிதவைகளுக்காகச் செய்யப்பட்ட 116 அறுவைகளில், ஜெல்லை வலிந்து பிரித்த கண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் கிழிசல் ஏற்பட்டது. ஏற்கெனவே பிரிந்திருந்த கண்களில் அது சுமார் 12 விழுக்காடு. இந்தக் கிழிசல்களை அறுவையின்போதே லேசர் அல்லது உறைசிகிச்சையால் சரிசெய்துவிடுவார்கள். இருந்தும் மூன்று கண்களில் பின்னர் விழித்திரை விலகல் (விழித்திரை கண்சுவரிலிருந்து பெயர்ந்துவிடுவது) நேர்ந்தது. மற்ற வழி, பின்பக்க ஜெல்லைத் தொடாமலும் லென்ஸை ஒட்டிய ஜெல்லை விட்டுவைத்தும் நடுவிலுள்ளதை மட்டும் அகற்றுவது. கலிஃபோர்னியாவின் டாக்டர் செபாக் இந்த முறையை முன்னெடுத்தார்; 2018இல் அவர் குழு வெளியிட்ட 195 கண்களின் தொகுப்பில் விழித்திரை விலகல் 1.5 விழுக்காடாக இருந்தது. ஆனால் விட்டுவைத்த ஜெல் பின்னொரு நாள் பிரியும்போது புதிய மிதவைகள் வரலாம். கிருமித்தொற்று மிகவும் அரிது; வந்தால் பார்வையையே இழக்க நேரிடும் என்பதால் ஒப்புதல் படிவத்தில் அந்த வரியை வெறும் சடங்காக எண்ணிக் கடந்துவிடாதீர்கள்.

6/6 பற்றி ஒரு சொல். பார்வைப் பலகையில் இருப்பது பளிச்சென்ற வெள்ளையில் கருப்பு எழுத்து. மிதவைகள் கெடுப்பது பெரும்பாலும் மங்கலான வேறுபாடுகளை இனங்காணும் திறனை. அதற்குத் தனிச் சோதனை இருக்கிறது. பலகையின் கடைசி வரிவரை வாசித்துவிட்டு, தொந்தரவு தாங்கவில்லை என்று சொல்பவர்களை மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைக்கும் வழக்கம் எங்கள் துறையில் இருக்கத்தான் செய்கிறது. அந்தச் சோதனையைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்.

லேசர் என்று உங்களிடம் சொன்னது, மிதவைகளைச் சுட்டு உடைக்கும் யாக் லேசராக இருக்கும். 2017இல் அமெரிக்காவில் 52 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், லேசர் பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் நல்ல முன்னேற்றம் இருப்பதாகச் சொன்னார்கள். ஒப்பீட்டுக்காகப் போலி லேசர் பெற்றவர்களில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அது வளைய வடிவ மிதவை உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு. நீங்கள் வருணிக்கும் பரந்த வலைக்கு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. லென்ஸுக்கோ விழித்திரைக்கோ அருகில் இருப்பதைச் சுடுவதும் ஆபத்து. வாட்ஸ்அப்பில் வலம்வரும் அன்னாசிப்பழ வைத்தியத்தைப் பற்றிக் கேட்காததற்கு நன்றி.

பதில்: காவிரிப்பெண்

ஐம்பதின் தொடக்கத்தில் இந்த அறுவையைச் செய்துகொண்டவள் நான். உங்களைப் போலவே எனக்கும் கடுமையான கிட்டப்பார்வை. மிதவைகள் போன விதம் குறித்து எனக்கு முழுத் திருப்திதான். அதன் பிறகு நடப்பதைப் பற்றித்தான் யாரும் விரிவாகப் பேசுவதில்லை.

விட்ரெக்டமி செய்த கண்ணில் புரை விரைவாக வரும். கண்ணுக்குள் இருக்கும் ஆக்சிஜனை ஜெல் ஈர்த்துக்கொண்டு லென்ஸைக் காத்துவருகிறதாம். ஜெல்லை எடுத்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடுகிறது. ஐம்பதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு முழு விட்ரெக்டமிக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்குள் புரை அறுவை தேவைப்படுகிறது என்று முன்கூட்டியே என்னிடம் சொல்லியிருந்தார்கள், அவ்வாறே ஆயிற்று. முதலில் அந்தக் கண்ணின் பவர் இன்னும் மைனஸ் பக்கம் ஏறிக்கொண்டே போனது, பிறகு மங்கியது.

கிட்டப்பார்வைக்காரர்களுக்கு உண்மையான சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில்தான். புரை அறுவையில் வைக்கும் லென்ஸ் அந்தக் கண்ணைக் கண்ணாடியே தேவைப்படாத நிலைக்குக் கொண்டுவந்துவிடக் கூடியது. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கும்! ஆனால் ஒரு கண் பூஜ்யமாகவும் மற்றொரு கண் மைனஸ் ஆறாகவும் இருந்தால், மூக்குக் கண்ணாடியால் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. இரு கண்களிலும் தெரியும் பிம்பங்களின் அளவே வேறாகிவிடுவதால் தலை சுற்றும். மற்றக் கண்ணுக்குக் கான்டாக்ட் லென்ஸ் போட வேண்டும், இல்லையென்றால் புரையே இல்லாத அந்தக் கண்ணுக்கும் அறுவை செய்ய வேண்டும், அல்லது புதிய லென்ஸின் பவரையே மைனஸ் நிலையில் நிற்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். நான் கான்டாக்ட் லென்ஸைத் தேர்ந்தேன். மெய்ப்புத் திருத்துபவர் என்பதால் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்கும் வசதி கிட்டப்பார்வைக்காரர்களுக்கே உரியது, லென்ஸை மாற்றினால் அது போய்விடும். ஆகவே இதை ஓர் அறுவையாகக் கணக்கிடாமல், இரண்டாக, மூன்றாகக்கூட நினைத்து, காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதியையும் கேட்டுவைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

மறுமொழி: கொங்குவாசி

மூவருக்கும் நன்றி. ஒளிவிலகல் அவர்கள் எழுப்பிய கேள்விக்கு விடை காண பி-ஸ்கேனும் (கண்ணின் அல்ட்ராசவுண்ட் படம்) ஓசிடியும் (ஒளியால் எடுக்கும் விழித்திரை அடுக்குப் படம்) எடுத்துப் பார்த்தேன். இடது கண்ணில் ஜெல் ஓரளவுதான் பிரிந்திருக்கிறது. கூர்மையான பார்வைக்கான நடு விழித்திரையாகிய மாக்குலா பகுதியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அறுவை செய்யலாம் என்ற மருத்துவரிடமே இதைக் காட்டிக் கேட்டேன். இந்த நிலையில் வலிந்து பிரிப்பதைவிட, அது தானாகப் பிரியும்வரை காத்திருப்பது நல்லது என்றும், அப்படிப் பிரிந்தால் வலை முன்னோக்கி நகர்ந்து நிழல் மெலியவும் வாய்ப்பு இருக்கிறது என்றும் சொன்னார். மங்கல் வேறுபாட்டுச் சோதனையில் இடது கண் வலதைவிடத் தெளிவாகப் பின்தங்கியிருந்தது. என் தொந்தரவு வெறும் கற்பனை அல்ல என்று தெரிந்ததால், எனக்குப் பாதி நிம்மதியை அதுவே தந்துவிட்டது.

இப்போதைக்குத் தள்ளிப்போடுகிறேன். திரையில் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றிக்கொண்டேன். அச்சுப்படிகளைப் பழுப்பு நிறத் தாளில் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது: ஜெல் பிரியும் நேரத்தில் எதைக் கண்டால் உடனே ஓட வேண்டும்?

பதில்: ஒளிவிலகல்

இருட்டில் கண்ணின் ஓரத்தில் மின்னல் போல ஒளி வெட்டுவது, திடீரென்று கரும்புள்ளிகள் மழையாகக் கொட்டுவது, பார்வையின் ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருள்வது: இந்த மூன்றில் எது வந்தாலும் அன்றைக்கே, விடுமுறை நாளாக இருந்தாலும், கண்மணியை விரித்து விழித்திரையின் ஓரம்வரை பார்க்கச் சொல்லுங்கள். இத்தகைய அறிகுறிகளோடு ஜெல் பிரிந்து வருபவர்களில் பத்தில் ஒருவருக்காவது விழித்திரையில் கிழிசல் இருக்கிறது. கிழிசல் நிலையிலேயே கண்டுபிடித்துவிட்டால் வெளிநோயாளிப் பிரிவிலேயே லேசர் போட்டு அடைத்துவிடலாம். விலகல் மாக்குலாவை எட்டிவிட்டால், பிறகு எவ்வளவு நன்றாக அறுவை செய்தாலும் பழைய பார்வை முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றாலும், நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். சில கிழிசல்கள் தாமதமாக வருவதுண்டு.

ஒரு கண்ணில் ஏற்படும் குறையை மற்றக் கண் மறைத்துவிடும் என்பதால், நாள்தோறும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குள் வாயு ஏதும் இல்லாத நிலையில் விமானத்தில் போவதற்குத் தடை இல்லை. புறப்படுவதற்கு முன் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொண்டு, ஸ்கேன் அறிக்கைகளின் படியைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவசரமாக ஒரு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால், ஜெல் எந்த நிலையில் இருந்தது என்பதை அவர் உடனே அறிந்துகொள்ளலாம்.