வலு குறைந்த வால்வு அம்ப்ளிஃபயர், "உயர்திறன்" ஸ்பீக்கர் – எந்தச் சொல்லைப் போடுவது?

உவர்மலையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். வருகிற சனிக்கிழமை இங்கே இலங்கையில், திருகோணமலையில், உயர்தர வகுப்பு (ஏ/எல்) மாணவர்களுக்கு ஒரு பட்டறை வைத்திருக்கிறோம். ஒற்றை வால்வில் (பழைய றேடியோக்களில் இருக்கும் கண்ணாடிக் குழல்) ஓடும் சிறிய அம்ப்ளிஃபயரையும், பழைய படமாளிகை ஒன்றிலிருந்து கிடைத்த கொம்பு ஸ்பீக்கரையும் சேர்த்துப் பாட்டுப் போட்டுக் காட்டுவது திட்டம். கையேடு வியாழன் அச்சகத்துக்குப் போகவேண்டும். ஒரு வசனத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்:

"வலு குறைந்த அம்ப்ளிஃபயருக்கு உயர்திறன் ஸ்பீக்கரே பொருத்தம்."

நம் பிள்ளைகளுக்கு இதில் சிக்கல் இல்லை. வலு (வாட்டில் அளப்பது) வேறு, திறன் (கொடுத்ததில் எவ்வளவு பயனாகிறது என்பது) வேறு என்று பௌதிகத்தில் படித்தவர்கள். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில், நாம் வலு என்பதற்குத்தான் திறன் என்று பெயர். கையேட்டை அங்குள்ள நண்பர்களும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்த வசனம் தலைகீழாகிவிடும். சின்ன அம்ப்ளிஃபயருக்கு 200 வாட் தாங்கும் பெட்டியைத் தேடிப் போவார்கள். கடல் தாண்டினாலும் பொருள் மாறாத ஒரு சொல் வேண்டும்.

கோவையிலிருந்து

ஐயா சொல்வது சரிதான். நானே முதலில் அப்படித்தான் வாசித்தேன். இங்கே நீங்கள் சொல்லும் திறனைப் பயனுறுதிறன் என்போம். அதையே போட்டுவிடுங்களேன்? "உயர் பயனுறுதிறன் ஒலிபெருக்கி." கொஞ்சம் நீளம்தான்.

பாலையூற்றிலிருந்து

சேர், சொல்லுக்கு முதல் கணக்கைப் பார்ப்போம். நாற்பது வருஷமாக வானொலி திருத்துகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1938இல் கொண்டுவந்த 300பி வால்வைத் தனியாக ஓட்டினால் 8 வாட் அளவில் தரும். 2ஏ3 என்ற இன்னொரு வால்வு என்றால் 3.5 வாட். ஸ்பீக்கர் தாளில் இருக்கும் டெசிபெல் (சத்தத்தின் அளவு), ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி அளந்தது. இப்போது கடையில் கிடைக்கும் சின்னப் பெட்டிகள் 86 பக்கம் நிற்கும், நல்ல கொம்பு 98ஐத் தாண்டும். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் வலுவை இரட்டிக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் 12 டெசிபெல் என்றால் நான்கு தரம் இரட்டிப்பு, 16 மடங்கு. 8 வாட் அந்தக் கொம்பில் எழுப்பும் சத்தத்தைச் சின்னப் பெட்டியில் எழுப்ப 128 வாட் வேண்டும். முழு விஷயமும் இவ்வளவுதான்.

ஆனால் அந்த டெசிபெல், திறன் அல்ல. அது உணர்திறன், கொடுத்த மின்னுக்கு எவ்வளவு சத்தம் கேட்கிறது என்பது. பல கம்பனிகள் வாட்டை அளப்பதே இல்லை, 2.83 வோல்ட் கொடுத்துவிட்டு அளக்கிறார்கள். 8 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) ஸ்பீக்கரில் அது 1 வாட், 4 ஓம் ஸ்பீக்கரில் 2 வாட். தாளில் 3 டெசிபெல் சும்மா ஏறிவிடும், வால்வுக்காரன் ஏமாறுவான். உண்மையான திறனைச் சொன்னால் வெட்கக்கேடு. 92 டெசிபெல் ஸ்பீக்கர்கூட நூற்றில் ஏறக்குறைய ஒன்றைத்தான் ஒலியாக்குகிறது, மிச்சமெல்லாம் சூடு. இதற்கு "உயர்திறன்" என்று பெயர் வைக்க எனக்குக் கை வரவில்லை.

தம்பலகாமத்திலிருந்து

போட்டதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதானே கேள்வி? அதற்குக் கணக்கிலேயே சொல் இருக்கிறது: ஈவு. வகுத்தால் வருவது ஈவு. கொடுத்த மின்னால் வந்த ஒலியை வகுத்தால் ஒலியீவு. "ஒலியீவு கூடிய ஸ்பீக்கர்." வலுவும் இல்லை, திறனும் இல்லை, குழப்பமும் இல்லை.

கிண்ணியாவிலிருந்து

ரீச்சர், சொல் அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் ஒருவன் எழும்பி "ஈவிரக்கம் இல்லாத ஸ்பீக்கர் எது சேர்?" என்று கேட்பான். அதன்பிறகு அன்றைய பாடம் நடக்காது. நான் வகுப்பில் நிற்கிறவன், தெரிந்துதான் சொல்கிறேன்.

உப்புவெளியிலிருந்து

சிரிப்பார்கள் என்று பயந்தால் தமிழில் ஒரு சொல்லும் மிஞ்சாது. ஈவு நல்ல சொல். ஆனால் ஈ, தா, கொடு மூன்றையும் தொல்காப்பியர் பிரித்து வைத்திருக்கிறார். இழிந்தோன் கேட்பது ஈ, ஒப்போன் கேட்பது தா, உயர்ந்தோன் கேட்பது கொடு. இங்கே கேட்கிறவர் யார்? 8 வாட் அம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரிடம் கெஞ்சுகிறது என்றால் ஒலியீவு பொருந்தும். 100 வாட் அம்ப்ளிஃபயர் அதட்டுகிறது என்றால் ஒலிக்கொடை என்றல்லவா வரவேண்டும்?

மேலும் "பொருத்தம்" ஏன்? அது சாதகக் கட்டோடு வரும் சொல். இசைதல் என்றால் உடன்படுதல், இசை என்றால் பாட்டு. "இசைவு" என்று போட்டால் இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிடும். இன்னும் நுணுக்கமாய் வேண்டுமென்றால், நம் பழைய இசைமரபில் நரம்புகளுக்குள் (சுரங்களுக்குள்) இணை, கிளை, பகை, நட்பு என்று நான்கு உறவுகள் உண்டு. 86 டெசிபெல் பெட்டி இந்த அம்ப்ளிஃபயருக்குப் பகை, கொம்பு நட்பு. "வால்வு" என்பதையும் விட்டுவைக்கக்கூடாது. பிளெமிங் 1904இல் அந்தப் பெயரை வைத்ததே மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிறது என்பதால்தான். ஆகவே "ஒருவழிக்குழல்".

பாலையூற்றிலிருந்து

ஐயா, நீங்கள் சொல்கிற நரம்புகளைத் தொட்டால் ஆள் போய்விடும். இந்த அம்ப்ளிஃபயர்களுக்குள் 300, 400 வோல்ட் ஓடும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொள்ளளவியில் (மின்னைச் சேர்த்து வைக்கும் கப்பாசிற்றர்) நிற்கும். கையேட்டில் கொட்டை எழுத்தில் வரவேண்டியது அதுதான். ஒருவழிக்குழல் என்று எழுதினால் ஊரில் ஒருவருக்கும் விளங்காது. வால்வு றேடியோ என்றால் கிழவிக்கும் விளங்கும்.

இசைவோ பொருத்தமோ, ஒரே சொல்லில் இரண்டு வேலையை அடைக்காதீர்கள். சத்தம் போதுமா என்பது ஒரு பொருத்தம். அம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு வெளிவரும் நிலைமாற்றியில் (டிரான்ஸ்ஃபோமரில்) 4, 8, 16 ஓம் என்று முனைகள் இருக்கும், ஸ்பீக்கருக்கு உரிய முனையில் பூட்டுவது இன்னொரு பொருத்தம். இரண்டாவதை நாங்கள் "ஓம் பார்த்துப் பூட்டு" என்போம். அதிலும் ஒரு கள்ளம் இருக்கிறது. 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் பாட்டின் ஒரு சுருதியில் 4க்கு இறங்கும், இன்னொரு சுருதியில் 30க்கு ஏறும். பின்னூட்டம் (வெளிவருவதில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டுத் திருத்துவது) இல்லாத ஒற்றை வால்வு அம்ப்ளிஃபயருக்கு உள்தடை அதிகம். ஓம் ஏறுகிற சுருதியில் சத்தமும் ஏறி பாட்டின் நிறமே மாறும். 98 டெசிபெல் என்பதை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு பேஸ் கொழகொழக்கிறது என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள்.

கோவையிலிருந்து

"ஓம் பார்த்து" மிகவும் பிடித்திருக்கிறது. உங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கும் ஓம் தானே!

கிண்ணியாவிலிருந்து

ஓம்.

உவர்மலையிலிருந்து

நாளை வியாழன். பயனுறுதிறனுக்குக் கோவை மட்டும். ஒலியீவுக்குத் தம்பலகாமம், நான், அரைமனதோடு பாலையூற்று. கிண்ணியாத் தம்பி எதற்கும் இல்லை, உப்புவெளி ஐயா எல்லாவற்றுக்கும் இருக்கிறார். கையேட்டில் போகப்போவது இது:

"வலு குறைந்த வால்வு அம்ப்ளிஃபயருக்கு, ஒரு வாட்டிலேயே உரக்க ஒலிக்கும் (ஒலியீவு கூடிய) ஸ்பீக்கரைச் சேர்க்கவேண்டும். ஓம் அளவும் பொருந்தவேண்டும்."

திறன் என்ற சொல்லைக் கையேடு முழுவதிலும் எடுத்துவிட்டேன், உணர்திறன் ஒரு இடத்தில் மட்டும் நிற்கிறது. மின் எச்சரிக்கை முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. விரியலாக்கி என்று எழுதாமல் அம்ப்ளிஃபயர் என்று விட்டதற்கு யாராவது சண்டைக்கு வருவதென்றால் அடுத்த மாதம் வாருங்கள்.

கிண்ணியாவிலிருந்து

அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பதே போதும் சேர். வாசிக்கிறவன் அடைப்புக்குள் போகமாட்டான்.

உப்புவெளியிலிருந்து

"ஸ்பீக்கர்", "அம்ப்ளிஃபயர்", "வால்வு", "வாட்", "ஓம்". ஒரு பந்தியில் ஐந்து. என் எதிர்ப்பைப் பதிந்துவைக்கவும். ஒலிக்கொடை பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பாலையூற்றிலிருந்து

சேர், சனிக்கிழமை ஸ்பீக்கர் பூட்டாமல் அம்ப்ளிஃபயரைப் போட்டுவிடாதீர்கள், நிலைமாற்றி எரியும். உங்கள் கொம்பு 16 ஓமா என்று பார்த்து எழுதுங்கள். அந்த அம்ப்ளிஃபயரில் 16 ஓம் முனை இருந்த ஞாபகம் எனக்கில்லை.