மொரிஸ் மைனர் பிக்கப் ஏற்றத்தில் இழுக்கவில்லை, எஞ்சினை இறக்காமல் வீட்டில் சரிசெய்ய முடியுமா?

டிக்கோயா948:
வணக்கம் அண்ணன்மாரே. வீட்டில் 1961 மொரிஸ் மைனர் பிக்கப் ஒன்று நிற்கிறது, 948 சிசி எஞ்சின், அப்பா மரக்கறி ஏற்றிய வண்டி. சமதரையில் பரவாயில்லை, ஆனால் டிக்கோயாவிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது இரண்டாவது கியரில்கூடத் திணறுகிறது, ஐட்லிங்கில் வண்டி முழுதும் ஆடுகிறது. பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். 1 அல்லது 4ஐக் கழற்றினால் எஞ்சின் அணையப் பார்க்கிறது, 2, 3ஐக் கழற்றினால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆயில் மூடியின் உள்பக்கம் பால்கோப்பி நிறத்தில் பசை படிந்திருக்கிறது. றேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை.

ஒரு கராஜில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், எஞ்சினை இறக்கி போர் போட்டு (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி) பிஸ்டன் மாற்ற வேண்டும் என்றார்கள். அவ்வளவு காசு இப்போது இல்லை, இந்த வண்டியை விற்கவும் மனம் இல்லை. பின்பக்கம் தகரக் கொட்டகை இருக்கிறது, கையில் ஓரளவு சாமான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பழைய_ஸ்பானர் (பண்டாரவளை):
தம்பி, போர் போடும் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டு ஒன்றாகச் செத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் அடைக்கும் தகடு. இந்த ஏ-சீரிஸ் எஞ்சினில் 2க்கும் 3க்கும் நடுவில் கேஸ்கட் எரிந்துபோவது எல்லோருக்கும் தெரிந்த வியாதி. இந்த எஞ்சினில் 2, 3 இரண்டுக்கும் சேர்த்து ஹெட்டில் ஒரே புகைவழிதான், அதனால் அந்த நடு இடம்தான் எப்போதும் அதிகமாகச் சூடாகும்.

கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை இரவல் வாங்குங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றி நாலையும் அளந்து எழுதுங்கள். பிறகு குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளவுங்கள். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கட். இன்னொன்று, ஹட்டன் பக்கம் கிட்டத்தட்ட 1270 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. கேஜும் அதற்கேற்பக் குறைத்துத்தான் காட்டும். கொழும்புக்காரர் சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டுப் பயந்துவிடாதீர்கள், நாலையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

மூடியில் இருக்கும் பசையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். குளிரில் கொஞ்ச தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில் எஞ்சின் சரியாகச் சூடாகாமல் ஈரம் படிந்து அப்படி ஆகும், நம் பக்கத்தில் மழைக்காலத்தில் சாதாரணம். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் அதைப் பற்றிக் கவலை இல்லை.

மலைரோடு:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் வால்வையும் மறக்கக் கூடாது. இலங்கையில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2002இல். இந்தப் பழைய இரும்பு ஹெட்டில் எக்ஸோஸ்ட் வால்வ் உட்காரும் இடம் ஈயம் இல்லாத பெட்ரோலில் மெல்ல மெல்லத் தேய்ந்து வால்வ் உள்ளே இறங்கும், டெப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் விடும் இடைவெளி) தானாகவே மூடிக்கொள்ளும். மலை ஏற்றத்தில் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். கேஜ் போடுவதற்கு முன் டெப்பட்டைப் பாருங்கள், குளிர்ந்த எஞ்சினில் 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 12), அதாவது 0.30 மில்லிமீட்டர்.

வால்வை முன்னிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொண்டு ஒன்பது கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: 8 முழுதாகத் திறந்து நிற்கும்போது 1ஐ அளக்க வேண்டும், 7 திறந்திருந்தால் 2, 6 என்றால் 3, இப்படியே. பிளக்கைக் கழற்றிவிட்டு முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் லேசாகச் சுற்றும்.

டிக்கோயா948:
நன்றி அண்ணன்மாரே. டெப்பட் எல்லாம் சரியாக இருந்தது, ஒன்று மட்டும் லேசாக இறுக்கம், சரிசெய்தேன். கம்ப்ரஷன் (psi): 1இல் 115, 2இல் 60, 3இல் 55, 4இல் 110. ஆயில் விட்டும் 2, 3 ஏறவில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தம்.

பழைய_ஸ்பானர் (பண்டாரவளை):
அப்படியென்றால் கேஸ்கட்தான் தம்பி, பெரும்பாலும். 1, 4 இரண்டும் நன்றாக நிற்கிறது, அதுவே நல்ல சேதி. எஞ்சினை இறக்கத் தேவையில்லை, ஹெட்டை மட்டும் எடுங்கள்.

எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு றேடியேட்டர் தண்ணீரையும் பிளாக்கில் உள்ள தண்ணீரையும் வடித்துவிடுங்கள். இதை முதலில் செய்தாக வேண்டும், ஏனென்றால் ராக்கர் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நாலு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ராக்கரை எடுத்தாலே ஹெட் இளகிவிடும். ஹெட்டுக்கு மொத்தம் ஒன்பது ஸ்டட். எல்லாம் அங்குல அளவு, மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் நட்டின் மூலை உருண்டுவிடும். எல்லா நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், ஒன்றை முழுக்கக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள்.

புஷ்ராட் எட்டையும் எடுக்கும்போது முதலில் லேசாகத் திருகி விடுவித்து எடுங்கள், இல்லாவிட்டால் அதன் அடியில் இருக்கும் டெப்பட் துண்டும் ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். அட்டைப் பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு, வந்த வரிசையிலேயே குத்தி வையுங்கள், போன இடத்துக்கே போக வேண்டும். ஹெட் வரவில்லை என்றால் ஸ்க்ரூ ட்ரைவரை இடுக்கில் விட்டு நெம்ப வேண்டாம், அந்தக் கீறலில்தான் புது கேஸ்கட்டும் ஒழுகும். பிளக்கை மறுபடி பூட்டி ஹேண்டிலைச் சுற்றினால் அழுத்தத்திலேயே இளகும், அல்லது மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள்.

எடுத்ததும் 2க்கும் 3க்கும் நடுவில் கேஸ்கட்டைப் பாருங்கள், கறுத்து அரித்திருக்கும். ஹெட்டில் நேரான இரும்புச் சட்டத்தை வைத்து, இடுக்கில் ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். வளைந்திருந்தால் கண்டியில் லேத்துக்குக் கொடுத்துச் சீவ வேண்டும், இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கொடுக்கும்போதே எக்ஸோஸ்ட் வால்வ் சீட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், மலைரோடு சொன்ன காரணத்துக்காக. கேஸ்கட் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் எடுக்கலாம். ஹெட்டுக்கும் தண்ணீர் பம்புக்கும் நடுவில் இருக்கும் குட்டி பைபாஸ் ஹோஸையும் சேர்த்து வாங்குங்கள், ஹெட் வெளியே இருக்கும்போது மாற்றுவது சுலபம், பிறகு கை போகாது.

பூட்டும்போது கேஸ்கட்டில் எழுதியிருக்கும் மேல், முன் பக்கங்களைப் பார்த்து வையுங்கள், பசை எதுவும் பூச வேண்டாம். நடுவில் தொடங்கி வெளியே போகும் வரிசையில் இரண்டு மூன்று தடவையாக 40 அடி-இறாத்தல் வரை இறுக்க வேண்டும். டொர்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் செய்யாதீர்கள், யாரிடமாவது இரவல் கேளுங்கள். அப்புறம் டெப்பட் மறுபடி 12.

குளிர்மலை:
பற்றரியைத் திருப்பி மாட்டும்போது கவனம் தம்பி. இந்த வண்டிக்கு பாசிட்டிவ்தான் வண்டியின் பொடியில் (உடலில், அதுதான் எர்த்) பிடிக்கும், யாராவது மாற்றி வைத்திருக்காவிட்டால். பழக்கத்தில் நெகட்டிவை எர்த்தில் மாட்டிவிடக் கூடாது, கழற்றும் முன் படம் எடுத்து வையுங்கள்.

வேலை முடிந்ததும் எஸ்யூ கார்புரேட்டரையும் பாருங்கள். மேலே காற்று மெல்லியது, கீழ்நாட்டில் சரியாக இருந்த கலவை இங்கே பெட்ரோல் கூடிப்போகும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஐட்லிங்கில் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், ஜெட் நட்டைக் கொஞ்சம் மேலே திருகுங்கள். அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி இறங்கினால் சரி.

டிக்கோயா948:
ஹெட் எடுத்தாயிற்று. 2க்கும் 3க்கும் நடுவில் செம்புத்தகடு எரிந்து விரல்நுனி அகலத்துக்குப் பிளந்திருக்கிறது. போர் பளபளப்பாக இருக்கிறது, நகத்தால் தடவினால் மேல் ஓரத்தில் விளிம்பு லேசாகத்தான் தட்டுப்படுகிறது. ஹெட்டை லேத்துக்குக் கொடுத்திருக்கிறேன். புது கேஸ்கட் போட்டு ஓடிய பிறகு நட்டை மறுபடி இறுக்க வேண்டுமா?

பழைய_ஸ்பானர் (பண்டாரவளை):
ஆமாம். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், எஞ்சின் ஆறியிருக்கும்போது அதே வரிசையில், ஒவ்வொரு நட்டையும் சிறிது தளர்த்திவிட்டு மறுபடி 40க்கு இறுக்குங்கள். இறுக்கினால் டெப்பட் இடைவெளி மாறும், அதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அதுவரை மூட்டை ஏற்றி கினிகத்தேனை ஏற்றத்தில் விட வேண்டாம்.