மூன்றாவது முறை முதல் பேஸுக்கு எறிந்தால் பால்க்கா?

கேள்வி:
மேஜர் லீக் பேஸ்பாலை என் மகளோடு பார்த்து வருகிறேன். முதல் பேஸில் ரன்னர் இருக்கும்போது, அவரை அவுட் ஆக்க பிட்சர் (பந்து வீசுபவர்) அங்கே இரண்டு முறை எறிந்தார். மூன்றாவது முறையும் எறிந்தார். ரன்னர் பத்திரமாகத் திரும்பிவிட்டார். ஆனாலும் நடுவர் அவரை இரண்டாம் பேஸுக்கு அனுப்பிவிட்டார். மூன்றாவது முறை எறியவே கூடாதா? எறியாமல் ரப்பரை (பிட்சர் காலூன்றி நிற்கும் பலகையை) விட்டு வெறுமனே இறங்கினால் அதுவும் கணக்கா?

பதில்:
எறியலாம். ஆனால் அந்த ரன்னர் அவுட் ஆக வேண்டும், அல்லது யாராவது அடுத்த பேஸுக்கு முன்னேறியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லையென்றால் பால்க், அதாவது பிட்சரின் விதிமீறல்; ரன்னருக்கு ஒரு பேஸ் கிடைக்கும். இறங்குவதும் கணக்குதான். இது 2023-இல் வந்த விதி.

பதில்:
நான் பள்ளி மாணவர் ஆட்டங்களில் நடுவராக நிற்பவன். முந்தைய பதில் சரி, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆண்டில்தான் பிட்சர் இத்தனை விநாடிக்குள் வீச வேண்டும் என்று கடிகாரமும் வைத்தார்கள். ரன்னர் இருந்தால் அப்போது 20 விநாடி, 2024 முதல் 18. ரப்பரை விட்டு இறங்கினால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். எத்தனை முறை வேண்டுமானாலும் இறங்கலாம் என்றால் கடிகாரத்துக்கு என்ன வேலை? அதனால் ஒரு பேட்டருக்கு இரண்டே முறை. நடுவில் ரன்னர் முன்னேறினால் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

உங்கள் மகளைப் பிட்சரின் ஊன்றிய காலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டத்தின் அழகே அங்கேதான் இருக்கிறது! அந்தக் கால் ரப்பரில் இருக்கும்வரை, முதல் பேஸுக்கு எறிவதுபோல் பாவனை காட்டினாலே பால்க். மூன்றாம் பேஸுக்கும் 2013 முதல் அப்படித்தான். இரண்டாம் பேஸுக்குக் காட்டலாம். காலை ரப்பருக்குப் பின்னால் எடுத்து வைத்துவிட்டாலோ அவர் சாதாரணத் தடுப்பாட்டக்காரர்; எங்கே வேண்டுமானாலும் பாவனை காட்டலாம். அதற்கு விலையும் உண்டு. ரப்பரில் நின்று எறிந்த பந்து ஆடுகளத்துக்கு வெளியே போனால் ரன்னருக்கு ஒரு பேஸ். இறங்கிய பிறகு எறிந்தது போனால் இரண்டு.

பதில்:
எனக்கு இந்த விதி பிடிக்கவில்லை. ஆண்டி பெட்டிட் போன்ற இடக்கை பிட்சர்கள் முதல் பேஸை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு ரன்னரைத் திணறடித்த கலையை இது நசுக்குகிறது. 2022-இல் திருடிய பேஸ்கள், அதாவது பந்து அடிக்கப்படாமலே ரன்னர்கள் ஓடிப் பிடித்தவை, 2,486. அடுத்த ஆண்டே 3,503.

பதில் (நடுவர்):
அதே ஆண்டில் பேஸின் அகலத்தையும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள். ஓட வேண்டிய தூரம் குறைந்தது. பழி முழுவதையும் இந்த விதி மேல் போடாதீர்கள். கலையும் அழியவில்லை. இரண்டு முறையும் தீர்ந்துவிட்டால் ரன்னர் துணிந்து தள்ளி நிற்பார், பிட்சர் எறிய மாட்டார் என்று நம்பி. அவரை வீழ்த்த அதைவிட நல்ல நேரம் கிடையாது.