‘ஃபைனல் சீசன்’: முற்றுப்பருவம் எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

‘தி ஃபிளாஷ்’ என்ற அமெரிக்க மீநாயக (சூப்பர்ஹீரோ) தொலைக்காட்சித் தொடரின் ஒன்பதாம் பருவத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிவரும் நண்பர், ‘ஃபைனல் சீசன்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டதிலிருந்து, இறுதிப் பருவம், நிறைவுப் பருவம், கடைசி சீசன், முடிவுப் பாகம் என்று நான்கு சொற்கள் இந்த இழையில் வந்துவிட்டன. நான்கையும் உரசிப் பார்த்துவிட்டு ஐந்தாவதாக ஒன்றையும் முன்வைக்கலாம் என்று எண்ணுகிறேன். மடல் சற்று நீளும், பொறுத்தருள்க.

‘பாகம்’ என்பதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். திரைப்படத்தின் அடுத்த படத்துக்கும், முடிந்துபோன நெடுந்தொடரைப் பல ஆண்டுகள் கழித்து வேறு கதையோடு மீண்டும் தொடங்கும்போதும் நாம் அச்சொல்லைப் பயன்படுத்திவிட்டோம். நம் தொலைக்காட்சியின் அன்றாடத் தொடர்கள் ஆண்டுக்கணக்கில் இடைவெளியின்றி ஓடுபவை. அவற்றுக்குப் பருவம் என்ற பிரிவே தேவைப்படவில்லை. ‘சீசன்’ என்ற சொல் நம் திரைக்கு வந்தது பாட்டுப் போட்டிகளும் ‘பிக்பாஸ்’ போன்ற நிகழ்ச்சிகளும் வந்த பிறகுதான்.

ஆனால் ‘சீசன்’ அதற்கு வெகுகாலம் முன்பே தமிழுக்கு வந்து குடியேறிய சொல். குற்றால சீசன், மாம்பழ சீசன் என்று சொல்லாதவர் யார்? அப்படிச் சொல்லும்போது அது திரும்பி வரும் என்பதும் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. குற்றாலத்தில் சீசன் முடிந்துவிட்டது என்றால் அடுத்த ஆண்டு சாரல் வரும்போது போகலாம் என்றுதான் பொருள். குற்றாலத்தில் ‘கடைசி சீசன்’ என்று யாராவது சொன்னால் அருவியே வற்றிவிட்டதோ என்று பதறுவோம். ‘பருவம்’ என்பதற்கும் இதே இயல்பு உண்டு. பருவமழை பொய்க்கலாம், ஆனால் மறு ஆண்டும் எதிர்பார்க்கப்படும். ஆகவே மீளாத பருவம் என்பதைச் சொல்ல முற்படும்போது சொல்லுக்குள்ளேயே ஒரு முரண் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆங்கிலத்திலும் இந்த முரண் இருந்தது, தேய்ந்துவிட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சி ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்கி மே மாதத்தில் முடியும் என்பதால் வந்த பெயர் அது. ‘தி ஃபிளாஷ்’ 2014 அக்டோபர் 7 அன்று தொடங்கியது. முதல் நான்கு பருவங்களுக்கும் தலா 23 அத்தியாயங்கள். ஒன்பதாம் பருவமோ 2023 பிப்ரவரி 8 அன்று தொடங்கி மே 24 அன்று 13 அத்தியாயங்களோடு முடிந்தது. இலையுதிர் காலமும் இல்லை, பழைய அளவும் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. பிரித்தானியர் ஒவ்வொரு பருவத்தையுமே ‘சீரீஸ்’ என்கிறார்கள் என்பதையும் மொழிபெயர்ப்போர் நினைவில் வைக்க வேண்டும்; ‘சீரீஸ் 4’ என்பதை ‘நான்காம் தொடர்’ என்று எழுதினால் வாசகர் வேறு மூன்று தொடர்களைத் தேடப் போய்விடுவார்.

இத்தனைக்குப் பிறகும் ‘பருவம்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. தமிழ் விக்கிப்பீடியாவில் அது வழக்காகிவிட்டது என்பது ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம், பருவம் என்பது நம்மிடம் மழைக்காலத்தை மட்டும் குறிப்பதில்லை என்பது. வில்லிபாரதம் பத்துப் பருவங்களால் ஆனது. வடமொழிப் ‘பர்வம்’ என்பதன் தமிழ் வடிவமான அந்தச் சொல்லுக்குக் கணு என்பது பொருள். கரும்பில் கணு இருப்பதுபோல் நெடுங்கதையிலும் கணுக்கள் இருக்கின்றன. (கரும்பை அடியிலிருந்து தின்றுகொண்டே நுனிக்குப் போனால் சுவை குறைந்துகொண்டே வரும் என்பதை நீண்டநாள் ஓடும் மீநாயகத் தொடர்களைப் பார்ப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.) பிள்ளைத்தமிழுக்கும் பருவங்கள் பத்து. சூப்பர்மேனின் இளமையைச் சொன்ன ‘ஸ்மால்வில்’ தொடரும் 2001 முதல் 2011 வரை சரியாகப் பத்துப் பருவங்கள் ஓடியது தற்செயல்தான் என்றாலும், வளரும் பிள்ளை ஒருவனைப் பருவம் பருவமாகப் பார்க்கும் அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் நமக்குக் கிடைக்காது.

இனி முன்னொட்டுக்கு வருகிறேன். விவாதம் இதுவரை இறுதியா நிறைவா என்ற ஓசைத் தேர்வாகவே போய்க்கொண்டிருக்கிறது; ‘ஃபைனல் சீசன்’ என்ற ஒரே சொல் இரண்டு வேறுவேறு நிலைமைகளைக் குறிக்கிறது என்பதை யாரும் எடுத்துப் பேசவில்லை. இதுவே முடிவு என்று தெரிந்து எழுதப்பட்ட பருவம் ஒன்று. எழுதியபோது தெரியாமல், பிறகு ஒளிபரப்பு நிறுவனம் கைவிட்டதால் கடைசியாகிப்போன பருவம் மற்றொன்று.

வில்லாளி நாயகன் ஆலிவர் குவீனைப் பற்றிய ‘ஆரோ’ முதல் வகை. எட்டாம் பருவத்தோடு தொடர் முடிகிறது என்பது 2019 மார்ச்சிலேயே அறிவிக்கப்பட்டது. அதன் பத்து அத்தியாயங்களில் பெரும்பாலானவை ஆலிவரின் மரணத்தை நோக்கியே நடந்தன. ஐந்து தொடர்கள் இணைந்து 2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலும் சொன்ன ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ கதையில் அந்த மரணம் நிகழ்ந்தது. 2020 ஜனவரி 28 அன்று 170ஆம் அத்தியாயத்தோடு தொடர் முடிந்தது. ‘ஸ்மால்வில்’லும் இவ்வகையே. அதன் படைப்பாளர்கள் தொடக்கத்திலேயே தங்களுக்கு ஒரு விதி வகுத்துக்கொண்டிருந்தார்கள்: கிளார்க் (பின்னாளில் சூப்பர்மேன் ஆகப்போகும் இளைஞன்) பறக்கக் கூடாது, சூப்பர்மேன் உடையை அணியக் கூடாது. அவர்கள் ஏழாம் பருவத்தோடு விலகிய பின்னரும் விதி பெரும்பாலும் காக்கப்பட்டு, 2011 மே 13 அன்று ஒளிபரப்பான முடிவில் கிளார்க் பறந்தான். கடைசிக் காட்சியில் சட்டையைத் திறந்து நெஞ்சிலிருந்த சின்னத்தைக் காட்டினான். பத்தாண்டுகள் ஒத்திவைக்கப்பட்ட ஒரு வினைச்சொல் அங்கே வந்து விழுந்தது என்று சொல்லலாம். வினைச்சொல் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது; பின்னால் வருகிறேன்.

இரண்டாம் வகைக்கு, சூப்பர்மேனான கிளார்க்கையும் அவன் காதலி லோயிஸையும் பற்றிய ‘லோயிஸ் அண்ட் கிளார்க்’ நல்ல எடுத்துக்காட்டு. அதன் நான்காம் பருவம் 1997இல், யாரோ ஒரு குழந்தையை அவர்கள் வீட்டில் விட்டுச்சென்றிருக்கும் காட்சியோடு நின்றது. குழந்தை யாருடையது என்பதைச் சொல்ல ஐந்தாம் பருவம் வரவே இல்லை. ‘லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ’ 2022 மார்ச் 2 அன்று, நாயகர்கள் கைதாகும் இடத்தில் ஏழாம் பருவத்தை நிறுத்தியது. ஏப்ரலில் தொடர் கைவிடப்பட்டதால் அவர்கள் இன்னும் கைதிகளாகவே இருக்கிறார்கள். இவற்றை ‘நிறைவுப் பருவம்’ என்று எழுத எந்தத் தமிழருக்குக் கை வரும்?

‘நிறைவு’ என்பதில் எனக்கு வேறொரு தடையும் உண்டு. அது பாராட்டுச் சொல். நிறைகுடம், மனநிறைவு என்று வழங்கும் மொழியில் நிறைவுப் பருவம் என்றால் நன்றாக முடிந்த பருவம் என்ற தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். ‘தி ஃபிளாஷ்’ ஒன்பதாம் பருவம் தெரிந்து எழுதப்பட்ட முடிவுதான். ஆனால் அது மனநிறைவு தந்ததா என்று அதன் இரசிகர்களிடம் கேட்டால் இந்தக் குழுவைவிடப் பெரிய சண்டை நடக்கும். கலைச்சொல் தீர்ப்பு வழங்கக் கூடாது. ‘இறுதி’ அந்தக் குற்றத்தைச் செய்வதில்லை. ஆயின் அது இரண்டு வகைக்கும் பொதுவாக நின்றுவிடுகிறது; ஆங்கிலச் சொல்லின் குழப்பம் அப்படியே தமிழுக்கு வந்து சேர்கிறது. இறுதிச் சடங்கு நினைவுக்கு வருகிறது என்று நண்பர் ஒருவர் எழுதியதை நான் ஏற்கவில்லை. இறுதிப் போட்டி என்று சொல்லும்போது யாரும் அழுவதில்லை.

நான் முன்வைக்கும் சொல் ‘முற்றுப்பருவம்’.

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளின் அடியில் ‘தொடரும்’ என்றும் கடைசி வாரத்தில் ‘முற்றும்’ என்றும் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த வழக்கே போதிய சான்று என்றாலும், சொல்லின் வேர் இலக்கணத்தில் இன்னும் ஆழமாக இருக்கிறது. தமிழில் தொடர் என்பது தொலைக்காட்சித் தொடர் மட்டுமன்று. சொற்கள் இணைந்து நிற்பதற்கும் அதுவே பெயர். வந்தான், நின்றான் போன்ற வினைமுற்றால் அது பொருள் முடிவு பெறுகிறது. ‘வந்து’ என்று மட்டும் நிறுத்தினால் அது எச்சம். வந்து என்ன செய்தான் என்று கேட்பவர் காத்திருப்பார். ‘லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ’ எச்சத்தில் நின்ற தொடர். ‘ஸ்மால்வில்’ முற்றுப் பெற்ற தொடர். மேலே வினைச்சொல் என்று எழுதியது இதை எண்ணித்தான். தவிரவும், முற்று என்பது தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மோசமான வாக்கியத்துக்கும் வினைமுற்று உண்டு. ‘ஃபிளாஷ்’ இரசிகர்கள் இரு தரப்பினரும் சண்டையின்றி இச்சொல்லைப் பயன்படுத்தலாம்.

வரக்கூடிய மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். முற்றுதல் என்றால் முதிர்தலும்தான். ஒன்பது ஆண்டுகள் ஓடிய தொடருக்கு முற்றுப்பருவம் என்றால் முற்றிப்போன வெண்டைக்காயைச் சொல்வதாகச் சிலர் சிரிக்கக்கூடும். சில தொடர்களுக்கு அது பொருந்தவும் செய்யும். இங்கே சந்தி நமக்குத் துணை நிற்கிறது. கதிர் முற்றுகின்ற பருவம் என்ற பொருளில் அது வினைத்தொகையாகி, வல்லினம் மிகாமல் ‘முற்றுபருவம்’ என்றுதான் வரும். முற்று என்பதைப் பெயராகக் கொண்டால், முற்றுப்புள்ளியில் வருவதுபோல், ‘முற்றுப்பருவம்’ என்று ஒற்று மிகும். முற்றுப்புள்ளியைப் பார்த்து யாரும் முதிர்ந்த புள்ளி என்று எண்ணுவதில்லை. ஒற்றை விட்டுவிடாதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

கைவிடப்பட்ட வகைக்கு ‘எச்சப்பருவம்’ என்பது இலக்கணப்படி அழகான இணை. ஆனால் அதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை. பறவை இடுவதும் எச்சம்தான். வானில் பறக்கும் நாயகரைப் பற்றிய தொடருக்கு அந்தச் சொல்லைச் சூட்டினால் என்ன ஆகும் என்பதைக் குழுவினரின் கற்பனைக்கு விடுகிறேன். அவ்வகைக்குக் ‘கடைசிப் பருவம்’ என்ற எளிய சொல்லே போதும். கடைசி என்பது வரிசையை மட்டும் சொல்கிறது. அதற்குப் பின் வேறொன்று இல்லை என்பதற்கு மேல் எதையும் உறுதி கூறுவதில்லை.

இந்தப் பகுப்பைச் சோதிக்கக் கடினமான எடுத்துக்காட்டு ஒன்று வேண்டுமென்றால் ‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்’ தொடரைப் பாருங்கள். ஐந்தாம் பருவத்தை எழுதியபோது அடுத்த பருவம் உண்டா என்பது தெரியவில்லை. ஆகவே 2018 மே மாதம் ஒளிபரப்பான அதன் முடிவை, ‘தி எண்ட்’ என்றே பெயரிட்டு, தொடர் முழுவதற்குமான முடிவாக அமைத்தார்கள். மரணத்தை எதிர்நோக்கும் நாயகர் கோல்சன் தன் கடைசி நாட்களைக் கழிக்க டஹிட்டித் தீவில் தங்கிவிடுகிறார். ஆனால் தொடர் நீட்டிக்கப்பட்டு, மேலும் இரண்டு பருவங்கள், தலா 13 அத்தியாயங்களுடன், 2020 ஆகஸ்ட் வரை வந்தன. ஐந்தாம் பருவத்தை என்னவென்று சொல்வது? வடிவத்தில் முற்று, நடைமுறையில் அடுத்ததற்கு வழிவிட்டு நின்றது. நம் இலக்கணிகள் இதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். ‘வந்தனன் நின்றான்’ என்ற தொடரில் வந்தனன் என்பது வினைமுற்றின் வடிவத்தில் இருந்தாலும் ‘வந்து’ என்ற எச்சப் பொருளையே தருகிறது. அதற்கு முற்றெச்சம் என்று பெயர். அந்த ஐந்தாம் பருவம் ஒரு முற்றெச்சம். இதைக் கலைச்சொல்லாக்கி விக்கிப்பீடியாவில் ஏற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இந்தப் பொருத்தத்தைக் கண்ட நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செத்த நாயகர்கள் திரும்பி வரும் உலகில் முற்று என்பதற்குப் பொருள் உண்டா என்ற கேள்வியும் எழலாம். ‘ஆரோ’ முடிந்து மூன்றாண்டுகள் கழித்து ஸ்டீபன் அமெல் ‘ஃபிளாஷ்’ ஒன்பதாம் பருவத்தில் ஆலிவராக வந்தார். ‘ஸ்மால்வில்’ முடிந்து எட்டாண்டுகளுக்குப் பின் டாம் வெல்லிங் 2019இல் ‘கிரைசிஸ்’ கதையில் கிளார்க்காகத் தோன்றினார். ஒரு வாக்கியம் முடிந்த பின் அதே எழுவாயைக் கொண்டு இன்னொரு வாக்கியம் தொடங்குவதால் முதல் வாக்கியம் முடியாததாகிவிடுவதில்லை.

செய்தி எழுதுவோருக்கு ஒரு சொல். ‘ஒன்பதாவது மற்றும் இறுதி சீசன்’ என்று எழுதும் பழக்கம் கண்ணை உறுத்துகிறது. ஒன்பதாவது வேறு, இறுதி வேறு என இரண்டு பருவங்கள் இருப்பதுபோல் அந்த ‘மற்றும்’ காட்டுகிறது. ‘ஒன்பதாம் பருவமே முற்றுப்பருவம்’ என்றோ ‘முற்றுப்பருவமான ஒன்பதாம் பருவம்’ என்றோ எழுதலாம்.

இதையொட்டி, ஒவ்வொரு பருவமும் முடியும் அத்தியாயத்துக்குப் ‘பருவமுடிவு’ என்றும், தொடரே முடியும் அத்தியாயத்துக்குத் ‘தொடர்முற்று’ என்றும் வைத்துக்கொள்ளலாம். கேள்வி கேட்ட நண்பரின் கட்டுரைக்கான வாக்கியம் இப்படி அமையும்: “184 அத்தியாயங்கள் ஓடிய ‘தி ஃபிளாஷ்’ தொடரின் தொடர்முற்றில், நாயகன் பாரி ஆலனுக்கு மகள் பிறக்கிறாள், தன் வேகத்தின் ஆற்றலை அவன் புதியவர் மூவரோடு பகிர்ந்துகொள்கிறான்.” உரக்கப் படித்துப் பார்த்து, எங்காவது நா தடுக்கினால் எழுதுங்கள். ‘தொடர்முற்று’ என்பதில் மட்டும் எனக்கே முழு உறுதி இல்லை. ‘தொடர்நிறைவு’ வேண்டும் என்போர், அது ‘லோயிஸ் அண்ட் கிளார்க்’ தொடரில் கைவிடப்பட்டிருந்த அந்தக் குழந்தைக்கு எப்படிப் பொருந்தும் என்பதையும் விளக்கிவிட்டால் நான் மாற்றிக்கொள்ளத் தயார்.

அன்புடன்.